உனக்காக நான் எழுதிய பதினொரு வரிகள்

மகளே,

இந்தக் கடிதத்தை முதலில் உன் கையில் கொடுத்து, நீ படித்து முடிக்கும்வரை எதிரே காத்திருந்து, உன் ஒப்புதலைப் பெற்ற பிறகே பிறர் பார்வைக்கு வைக்கிறேன். நீதிமன்றத்தில் ஒருவர் சாட்சி சொல்லி முடித்ததும், பதிவானதை அவருக்கே படித்துக் காட்டி, சரியென்று அவர் ஒப்புக்கொண்டதாக அடியில் ஒரு வரி எழுதிக் கையொப்பம் வாங்குவார்கள். வழக்கறிஞனாக என் வாழ்நாளில் பெரும்பகுதி அந்த வரிக்கு மேலேயுள்ள தாள்களைப் படிப்பதில்தான் கழிந்தது. இருந்தும், சொந்த மகள் விஷயத்தில் அந்த ஒரு நடைமுறையை நான் கடைப்பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை உனக்குத் திருமணம். அதற்குள் அந்தத் தவற்றை என் கைப்பட எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. உன்னிடம் தனியாகச் சொன்னால் போதாதா என்று உன் அம்மா கேட்டாள். ஊரறியச் செய்த தவற்றுக்கு வீட்டுக்குள் மன்னிப்புக் கேட்டு முடித்துக்கொள்வது முறையன்று என்றேன். அவளுக்கு அது விளங்கியது. என்றாலும், "எழுதறதுதான் எழுதற, பாப்பாகிட்ட காமிச்சிட்டு எழுது" என்று மட்டும் சொன்னாள்.

உன் தோழியின் பெயரை இதில் எழுதமாட்டேன். அந்தப் பெயரை அளவுக்கு மேல் உச்சரித்துவிட்டார்கள். அவள் தாயை, நீ அழைப்பதுபோலவே, அத்தை என்று குறிப்பிடுகிறேன். அந்த இளைஞன் பெயரும் வேண்டாம். அது தீர்ப்பில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நாம் கும்மிடிப்பூண்டியில் குடியிருந்தோம். தொழிற்பேட்டையில் இயந்திரத்தில் விரலைப் பறிகொடுத்தவர்களுக்கும், ஒப்பந்தம் முடிந்ததென்று வாயிற்கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கும் நான் வழக்கு நடத்திவந்தேன். வீட்டின் முன்னறையே அலுவலகம். வாசற்சுவரில் என் பெயரும் பட்டமும் பொறித்த பித்தளைப் பலகை ஒன்று இருந்தது. உன் அம்மா வாரம் ஒருமுறை புளி தடவித் தேய்ப்பாள். முகவரி கேட்பவர்களிடம் "பளபளன்னு போர்டு தெரியும், அந்த ஊடுதான்" என்று தெருமுனைக் கடைக்காரர் சொல்லும்போது எனக்குள் ஒரு சிறிய மகிழ்ச்சி எழும். அதை அப்போது யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது.

நீயும் உன் தோழியும் பன்னிரண்டாம் வகுப்பு. அவள் குடும்பம் பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடித்தவர்கள். தந்தை இறந்த பிறகு அத்தை மகளோடு கும்மிடிப்பூண்டிக்கு வந்து கடைத்தெருவில் மீன் விற்றார். நெடுஞ்சாலைப் பேருந்து நிறுத்தத்தில் காலையில் இருவரும் சேர்ந்தே நிற்பீர்கள். சில மாதங்களாக அவளைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்துவந்த ஒருவன் அன்று காலை கத்தியோடு வந்தான். நடந்தது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அதை நான் விவரிக்கமாட்டேன், விவரித்தவர்கள் போதும். நீ சாலையைக் கடந்து எதிரேயிருந்த பஞ்சர் கடைக்குள் ஓடினாய். மருத்துவமனை சேருமுன் உன் தோழி இறந்துபோனாள். அவன் அப்போது தப்பிவிட்டான். இரண்டு நாள் கழித்துப் பிடித்தார்கள்.

நின்றிருந்த ஷேர் ஆட்டோவிலிருந்து யாரோ அதைக் கைபேசியில் பதிவு செய்திருந்தார். பத்தொன்பது வினாடிகள். கத்தி தெரியவில்லை, அவன் முகம் தெரியவில்லை, உன் தோழியும் சரியாகத் தெரியவில்லை. தெளிவாகத் தெரிந்தது ஒன்றுதான்: சீருடை அணிந்த ஒரு பெண், முதுகில் புத்தகப் பையோடு ஓடுகிறாள். நண்பகலுக்குள் அது எல்லாத் தொலைக்காட்சிகளிலும் வந்துவிட்டது. 'தோழியைத் தவிக்கவிட்டு ஓடினாரா மாணவி?' என்று அடியில் ஓடவிட்டார்கள். கேள்விக்குறி போட்டால் அவதூறு வழக்கிலிருந்து தப்பலாம் என்று என்னைப் போன்ற ஒரு வழக்கறிஞர் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். குடும்பத்தாரின் வாட்ஸ்அப் குழுவில் உன் சித்தப்பா அந்தக் காட்சியைப் போட்டு, "இது நம்ம பாப்பா மாதிரி கீதே?" என்று கேட்டிருந்தார். நீ நலமா என்று அதில் ஒருவரும் கேட்கவில்லை. நீயா என்றுதான் கேட்டார்கள்.

உன் கைபேசியை வாங்கி வைக்க வேண்டும் என்று எனக்கோ உன் அம்மாவுக்கோ அன்று தோன்றவில்லை. மூலையில் உட்கார்ந்து அந்தப் பத்தொன்பது வினாடிகளை நீ திரும்பத் திரும்பப் பார்த்தாய். அதன் கீழே முன்பின் தெரியாதவர்கள் எழுதியதையும் படித்தாய். மறுநாள் உன் அம்மாவிடம் நீ சொன்னதை அவள் என்னிடம் வந்து சொன்னபோது, நான் ஒரு மனுவைத் திருத்திக்கொண்டிருந்தேன். "எனக்கு அவ மூஞ்சி ஞாபகத்துக்கு வரலம்மா. கண்ண மூடினா என் முதுகுதான் தெரியுது." நடந்ததை உன் கண்ணால் பார்த்தவள் நீ. ஒரே நாளில், அதை யாரோ ஒருவருடைய கண்ணால் நினைவுகூர வைத்துவிட்டார்கள். ஒரு குழந்தைக்கு இப்படியும் இழப்பு நேரலாம் என்று நான் படித்த எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. எனவே அது எனக்குப் புரியவும் இல்லை. பேனாவை மூடாமலே, "ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றேன்.

தெருவில் வண்டிகள் நின்றன. மதிற்சுவருக்கு மேலே நீண்ட கழியில் கட்டிய ஒலிவாங்கி எட்டிப் பார்த்தது. உன்னோடு ஒருநாளும் பேசியிராத பக்கத்துத் தெருப் பிள்ளைகள் உன் குணத்தைப் பற்றிப் பேட்டி கொடுத்தார்கள். சிறிது காலம் பள்ளிக்கு வரவேண்டாம், அது உன் நன்மைக்கே என்று பள்ளியிலிருந்து சொன்னார்கள். செய்தியாளர்கள் எல்லோரையும் ஒரே கூண்டில் நிறுத்துவது நியாயமாகாது. உன் அம்மா வாசலில் நின்று அழுதபோது, ஒரு பெண் செய்தியாளர் தன்னோடு வந்தவரின் கேமராவைக் கையால் கீழே தாழ்த்தியதை நான் சன்னலிலிருந்து பார்த்தேன். அவர் அதன்பின் நம் தெருவுக்கு வரவில்லை. வேறு வேலைக்குப் போய்விட்டார் என்று பின்னாளில் கேள்விப்பட்டேன்.

இனி என் தவறு. எத்தனை நாள் கதவைச் சாத்தி வைப்பது, ஒரே ஒரு தொலைக்காட்சிக்கு, நம் நிபந்தனைகளின்படி, ஒரே முறை பேசிவிட்டால் மற்றவர்கள் கலைந்துவிடுவார்கள் என்று கணக்கிட்டேன். வழக்கறிஞனின் கணக்கு அது. ஐந்து நிபந்தனைகள் எழுதிக் கையொப்பம் வாங்கினேன்: முகத்தை மறைக்க வேண்டும், குரலை மாற்ற வேண்டும், பெயரும் பள்ளியும் வரக்கூடாது, நான் உடனிருக்க வேண்டும், எழுதிக் கொடுத்ததற்கு மேல் கேள்வி கேட்கக்கூடாது. பிறகு, நீ பேச வேண்டியதைப் பதினொரு வரிகளில் எழுதி, மனப்பாடம் செய்யச் சொன்னேன்.

ஏழாவது வரி, 'தாக்கியவரின் முகத்தை நான் பார்க்கவில்லை' என்பது. எட்டாவது, 'உதவி தேடியே ஓடினேன்' என்பது. ஏழாவதை எழுதியதற்கு ஒரு நோக்கம் இருந்தது. கொலை வழக்குகளில் கண்ணால் கண்ட சாட்சிகள் நீதிமன்ற நடைக்கூடங்களில் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதையும், அவர்கள் வீட்டு வாசலுக்கு யார் யாரோ வந்து நலம் விசாரித்துப் போவதையும் நான் பார்த்தவன். காவல்துறை உன்னை இன்னும் முறையாக விசாரித்திருக்கவில்லை. நீ எதையும் பார்க்கவில்லை என்று முன்கூட்டியே ஊருக்குத் தெரிந்துவிட்டால், சாட்சிப் பட்டியலில் உன் பெயர் வராது என்று எண்ணினேன். நீ தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்தாய்.

"அப்பா, நான் பாத்தேனே."

"தெரியும்மா. இது கோர்ட் இல்ல, டிவி. டிவில உண்மையச் சொல்லணும்னு சத்தியம் வாங்கறதில்ல."

எட்டாவது வரியைப் பற்றி நீ கேட்கவே இல்லை. பயந்து ஓடியதை உதவி தேடி ஓடியதாக நான் மாற்றியபோது, உன் அச்சம் வெட்கப்பட வேண்டியது என்று உன் தந்தையே தீர்ப்பு எழுதிவிட்டான் என்பதை நீ அப்போதே புரிந்துகொண்டாய் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்தத் தொலைக்காட்சியார் ஐந்து நிபந்தனைகளையும் ஓர் எழுத்துப் பிசகாமல் காப்பாற்றினார்கள். உன் முகத்தின் மீது மூட்டமாக ஒரு வட்டம். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல. பெயர் இல்லை, பள்ளி இல்லை. ஆனால் நிகழ்ச்சி தொடங்குமுன் நம் வீட்டு வாசலைக் காட்டினார்கள். அதில் என் பித்தளைப் பலகை, பெயரும் பட்டமும் ஊரும் தெரிய, உன் அம்மா தேய்த்த பளபளப்போடு திரை முழுக்க நின்றது. பலகையைக் காட்டக்கூடாது என்று ஆறாவதாக ஒரு நிபந்தனை எழுத எனக்குத் தோன்றாமலில்லை. அவர்கள் வருவதற்கு முன்பே தோன்றியது. கழற்றிவிடலாமா என்று திருப்புளியைக்கூடத் தேடினேன். பிறகு விட்டுவிட்டேன். மறந்துவிட்டேன் என்று பல ஆண்டுகள் எனக்கே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. மகளுக்காகத் துணிந்து நிற்கும் வழக்கறிஞர் என்று நாலு பேர் அறியட்டும் என்ற எண்ணம் எங்கோ இருந்தது. உன் முகத்தை மறைக்க ஐந்து நிபந்தனை எழுதியவன், தன் பெயர் தெரியட்டும் என்று விட்டுவிட்டான்.

அன்று மாலைக்குள் உன் பெயர் எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டு மாதத்தில் பலகையைக் கழற்றிச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு மணவாள நகருக்குக் குடிவந்தோம். இந்த வீட்டின் வாசலில் அதை நான் மாட்டவே இல்லை.

(இவ்விடத்தில் நான்கு வரிகள் இருந்தன. மணவாள நகருக்கு வந்த முதல் சில மாதங்களில் நீ பட்ட பாட்டை எழுதியிருந்தேன். நீ அடித்துவிட்டாய். அடித்தது அடித்ததாகவே இருக்கட்டும்.)

அதற்கு முன், கும்மிடிப்பூண்டி வீட்டில் நடந்த இரண்டு விஷயங்களை நான் எழுதியாக வேண்டும். முதலாவது, பேட்டி ஒளிபரப்பான மூன்றாம் நாள், சாதாரண உடையில் ஒரு பெண் காவல் ஆய்வாளர் உன்னை விசாரிக்க வந்தது. நான் முந்திக்கொண்டு, பேட்டியில் சொன்னதற்கு மேல் குழந்தைக்குத் தெரியாது என்று ஆரம்பித்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்து, "மேடம், நான் பாத்தேன். எழுதிக்கங்க" என்றாய். அவர் எழுதிக்கொண்டார். நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த வாரத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

இரண்டாவது, பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அத்தை நம் வீட்டுக்கு வந்தது. தெருமுனையில் இன்னும் ஒரு வண்டி நின்றது. அதைச் சட்டை செய்யாமல் நேராக உள்ளே வந்தார். நீ கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு வெளியே வர மறுத்தாய். "அத்தை, நான் ஓடிட்டேன்" என்று கதவுக்குப் பின்னாலிருந்தே சொன்னாய். அத்தை தரையில் உட்கார்ந்துகொண்டு, யாரிடமோ விலை பேசுவதுபோன்ற குரலில் சொன்னார்: "ஓடாம இன்னா பண்ணுவ? நீ ஓடலன்னா, இப்ப நானும் உன் ஆத்தாளும் ரெண்டு பேரும்ல அழுதுக்கினு இருப்போம். வா, வந்து சோறு துன்னு." நீ வந்தாய். தட்டை மடியில் வைத்துக்கொண்டு, பல நாளைக்குப் பிறகு ஒரு பிடி சோறு உண்டாய். உன் அச்சத்தை நான் சட்டத்தால் மறைக்கப் பார்த்தேன். மகளைப் பறிகொடுத்த அந்தப் பெண்மணி அதை ஒரு தட்டுச் சோற்றால் நியாயப்படுத்திவிட்டார்.

வழக்கு திருவள்ளூரில் விசாரணைக்கு வந்தபோது உனக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. பஞ்சர் கடைக்காரர் கூண்டில் ஏறி, தான் ஒன்றையும் பார்க்கவில்லை என்று பிறழ்ந்துவிட்டார். அவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது என் ஏழாவது வரியைத்தான். ஆக, குற்றவாளியை அடையாளம் காட்ட எஞ்சியது உன் வாய்ச்சொல் ஒன்றே. அந்தச் சொல்லை உடைக்கப் போதுமான கருவியை எதிர்த்தரப்புக்கு நானே செய்துகொடுத்திருந்தேன். அவர்கள் அந்தப் பேட்டியை உரிய சான்றிதழோடு நீதிமன்றத்தில் தாக்கல் செய்திருந்தார்கள். உன் சாட்சியம் விழுந்தால் வழக்கு விழும். அவன் மீண்டும் அதே சாலையில் நடப்பான். தோழியை விட்டு ஓடியவள் என்பதோடு, பொய் சாட்சி சொன்னவள் என்றும் உன் பெயரில் எழுதப்படும். இது எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

நீ சாட்சி சொல்ல வேண்டிய நாளன்று காலை இட்லித் தட்டின் முன் உட்கார்ந்து, "அப்பா, இன்னிக்கு நீங்க கோர்ட்டுக்கு வராம இருந்தா எனக்கு ஈஸியா இருக்கும்" என்றாய். ஏன் என்று நான் கேட்டேன். உன் அம்மா எனக்குச் சட்னி ஊற்றிக்கொண்டே, "அவ சொல்றதுக்கு ஒரு காரணம் இருக்கும். எல்லாத்துக்கும் ஏன்னு கேக்காத, இது இன்னா கோர்ட்ல பண்ற கிராஸா?" என்றாள். அப்படியும் நான் வந்தேன். வழக்கறிஞர்கள் வரிசையில் கடைசி நாற்காலியில் அமர்ந்தேன்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் என் நீண்டநாள் நண்பர்; திறமையானவர். பேட்டியை ஓடவிட்டார். முகமில்லாத உன் உருவம், கிணற்றுக் குரலில், என் வரிகளை ஒவ்வொன்றாகச் சொன்னது. ஏழாவது வரி வந்ததும் நிறுத்தினார்.

"இதைச் சொன்னது நீங்கதானே?"

"ஆமா. நான்தான்."

"முகத்தைப் பார்க்கலன்னு சொல்லியிருக்கீங்க. இன்னிக்கு பார்த்தேன்னு சொல்றீங்க. ரெண்டுல எது பொய்?"

"டிவில சொன்னது பொய். அது என் வார்த்தை இல்ல. எங்கப்பா எழுதிக் குடுத்தாரு, நான் மனப்பாடம் பண்ணி சொன்னேன்."

நீதிபதி தட்டச்சு செய்பவரைக் கையமர்த்திவிட்டு, என் பக்கம் ஒருமுறை பார்த்தார். நான் எழுந்து நின்றேன். எதற்கென்று தெரியவில்லை, உட்காரவும் முடியவில்லை. நண்பர் அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் எஞ்சிய ஒரு கேள்வியையும் கேட்டார். ஓடிக்கொண்டிருந்தவருக்கு முகம் எப்படித் தெரியும், பயத்தில் ஓடியது உண்மைதானே என்றார்.

"பயந்துதான் ஓடினேன். ஓடறதுக்கு முன்னாடி பாத்தேன். பாத்ததாலதான் ஓடினேன்."

இந்தத் தொழிலில் இவ்வளவு ஆண்டு இருந்தும், குறுக்கு விசாரணையில் இப்படியொரு பதிலை என் கட்சிக்காரர் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சொல்லவைக்கவும் எனக்குத் தெரிந்திருக்காது. நான் மறைக்கச் சொன்ன அச்சத்தையே நீ சான்றாக முன்வைத்தாய். ஊர் எதை உன் குற்றம் என்று சொன்னதோ, அதுவே நீ பார்த்ததற்கு ஆதாரமாகி நின்றது. உன் வாக்குமூலத்தை உனக்குப் படித்துக் காட்டினார்கள். நீ அவசரப்படாமல் கேட்டாய். ஓர் இடத்தில், 'பயந்து' என்ற சொல் விடுபட்டிருப்பதாகச் சொல்லிச் சேர்க்கச் செய்தாய். பிறகு கையொப்பமிட்டாய்.

வெளியே ஒலிவாங்கிகள் காத்திருந்தன. இப்போது எப்படி உணர்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். "உள்ள சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டு, அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துபோனாய். தேநீர்க் கடையில் அந்த நண்பர் என் தோளில் கைவைத்து, "இன்னா வக்கீலே, உன் பொண்ணு என் கேள்விக்கு பதில் சொல்லிக்கினே உன்னையில்ல கிராஸ் பண்ணிட்டுது" என்றார். அவர் கேலி செய்யவில்லை. கேலியாகச் சொன்னால் எனக்கு வலிக்காது என்று நினைத்தார். அவனுக்குத் தண்டனை கிடைத்தது. தன் அச்சத்தை மறைக்காத சாட்சி என்பதாலேயே உன்னை முழுமையாக நம்புவதாகத் தீர்ப்பில் ஒரு பத்தி இருக்கிறது. தந்தையின் செயல் முறையற்றது என்று அதற்கடுத்து ஒரு வரியும் இருக்கிறது. இரண்டும் ஒரே பக்கத்தில் இருப்பதால், உன்னைப் பற்றிய புகழுரையைப் படிக்க விரும்பும்போதெல்லாம் அந்த வரியையும் படித்தாக வேண்டியிருக்கிறது. அது நல்ல ஏற்பாடுதான்.

தீர்ப்போடு எல்லாம் முடிந்துவிடவில்லை. வேறெங்காவது ஒரு பெண் தாக்கப்பட்டால், அந்தப் பத்தொன்பது வினாடிகளை எடுத்துத் தூசிதட்டி மறுபடி ஓட்டினார்கள். கல்லூரிக்குப் போகும் ரயிலில், வேப்பம்பட்டில் ஏறிய ஒரு பெண் உன்னை உற்றுப் பார்த்து, "அந்த வீடியோல வர்றது நீங்கதானே, ஒரு செல்ஃபி எடுத்துக்கலாமா?" என்று கேட்டதை நீ சிரித்துக்கொண்டே எங்களிடம் சொன்னாய். சிரிப்பு முடிந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். நம் வீட்டு ஆல்பத்தில் உனக்குப் பதினேழு வயதுக்குப் பிறகு ஒரு படமும் கிடையாது. பட்டமளிப்பு நாளில்கூட, குழுப்படம் எடுக்கும்போது நீ கழிவறைக்குப் போய்விட்டாய். நான் ஒருமுறை கட்டாயப்படுத்தினேன். உன் அம்மா என்னைத் தடுத்தாள்.

சென்ற ஆண்டு, நீ பாதுகாப்பு அலுவலராக வேலை செய்யும் தொழிற்சாலைக்கு வெளியே ஒரு தொழிலாளி முன்விரோதத்தில் வெட்டப்பட்டு இறந்தார். செய்தி கேட்டு ஓடிவந்த அவருடைய பதினைந்து வயது மகளை வாயிலருகே கேமராக்கள் சூழ்ந்துகொண்டன. நீ போய் அவள் முன்னால் நின்றாய். இதை நீ என்னிடம் சொல்லவில்லை. எளாவூரிலிருந்து வேலைக்கு வரும் உன் சக ஊழியர் ஒருவர், ஒரு வழக்கு விஷயமாக என்னிடம் வந்தபோது சொன்னார். உனக்கு எதிரே அத்தனை கேமராக்களாம். ஆனாலும் நீ நகரவில்லையாம். அந்தப் பெண்ணை உள்ளே அழைத்துப்போய் உட்காரவைத்து, "பேசணும்னு தோணுச்சுன்னா பேசு. வேணாம்னா வேணாம். ஆனா உங்க மாமா எழுதிக் குடுத்தாலும் சரி, யார் எழுதிக் குடுத்தாலும் சரி, அத மட்டும் சொல்லாத" என்றாயாம். "அவங்க எந்த மாமாவ சொன்னாங்கன்னு எங்களுக்குப் புரியல சார்" என்றார் அவர். எனக்குப் புரிந்தது; அப்பா என்று வர வேண்டிய இடத்தில் மாமா என்று சொல்லியிருந்தாய். என்னைக் காட்டிக்கொடுக்காமல், என் தவற்றிலிருந்து ஒரு குழந்தைக்குப் பயன்படுவதை மட்டும் எடுத்துக் கொடுத்திருந்தாய்.

பெண் பார்க்க வருவதாகச் செய்தி வந்தபோது, பழைய பழக்கம் போகாமல், நடந்ததை மாப்பிள்ளை வீட்டாருக்கு எப்படிச் சொல்வது என்று ஒரு பக்கம் எழுதிவைத்தேன். நீ அதை வாங்கி மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தாய். நீயே மாப்பிள்ளையைச் சந்தித்து, "அந்த வீடியோல ஓடறது நான்தான்" என்று சொன்னாய். அவர் பல ஆண்டுகளுக்கு முன் அதைப் பார்த்திருப்பதாக ஒப்புக்கொண்டு, "அதுல ஒண்ணும் தெரியல. நீ சொல்லு" என்றாராம். இந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை எனக்குப் பிடித்துவிட்டது. மகளே, உன் திருமண வாழ்க்கைக்கு நான் சொல்லக்கூடிய அறிவுரை ஏறக்குறைய இதில் அடங்கிவிடும். பகைவர் ஒரு வாக்கியத்தை எழுதிக் கொடுத்தால் நீ வாங்கமாட்டாய். அன்புள்ளவர்கள் எழுதிக் கொடுப்பதில்தான் ஆபத்து இருக்கிறது; அவர்கள் உன்னைக் காப்பதாகவே நம்பி எழுதுவார்கள். அவரிடமிருந்தும் வாங்காதே, அவருக்கும் எழுதிக் கொடுக்காதே. நாளை உன் பிள்ளை பயந்து ஓடிவந்தால், அது எதற்காக ஓடியது என்று நீ முடிவுசெய்யாதே. முதலில் சோறு போடு. அத்தைக்குத் தெரிந்தது சட்டம் படித்தவனுக்குத் தெரியவில்லை.

திருமணத்துக்குப் புகைப்படக்காரர் வேண்டாம் என்றே நானும் உன் அம்மாவும் பேசிவைத்திருந்தோம். நீயாகவே வந்து, "போட்டோவும் வைங்க, வீடியோவும் வைங்க. தலைக்கு மேல பறக்குமே, அது மட்டும் வேணாம், பேஜாரு" என்றாய். மேடையில் முதல் படம் அத்தையோடு எடுக்க வேண்டும் என்றும் சொன்னாய். உன் அம்மா உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

இதுவரை எழுதியதை ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் கொடுத்தேன். நீ பென்சிலோடு உட்கார்ந்தாய். நான்கு வரிகளை அடித்தாய். இரண்டு இடங்களில் நான் உன்னைப் புகழ்ந்து எழுதியிருந்ததைப் பாதியாகக் குறைத்தாய். என்னை நானே கடிந்துகொண்ட ஓர் இடத்தில், 'இது கொஞ்சம் ஓவர்' என்று ஓரத்தில் எழுதினாய். அதை நான் குறைக்கவில்லை. என் வாக்குமூலத்தில் எனக்கும் உரிமை உண்டு. கடைசித் தாளின் அடியில், படித்துப் பார்த்தேன், சரி என்று எழுதி, கையொப்பமிட்டு, அதன் கீழே மேலும் ஒரு வரி சேர்த்திருந்தாய்: 'அப்பா, அந்த போர்டை எடுத்து மாட்டுங்க. கல்யாணத்துக்கு வர்றவங்களுக்கு வீடு தெரிய வேணாமா?'

கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துப் பிரித்தபோது பித்தளை கறுத்துப் போயிருந்தது. உன் அம்மா புளியைக் கரைத்துக்கொண்டு வந்தாள். நேற்று மாலை நான் முக்காலியின் மேல் ஏறி, இந்த வீட்டின் சுவரில் முதல்முறையாக அதைப் பிடித்தேன். நீ தெருவில் நின்று, கைபேசியை உயர்த்தி, இடப்பக்கம் கொஞ்சம் இறக்குங்க என்றாய். இறக்கினேன். இன்னும் கொஞ்சம் என்றாய். இறக்கினேன். பலகையோடு என்னையும் சேர்த்துப் படம் எடுத்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டே, "மூஞ்சிய மறைச்சிடட்டுமாப்பா?" என்று கேட்டாய்.

வேண்டாம்மா, தெரியட்டும் என்றேன்.

உன் அப்பா